கூட்டாட்சியைத் தேடி ஒன்பது நாள்

நாள் 1: எம்டன்

"ஆள் பெரிய எம்டன்" என்று கேட்டே வளர்ந்த காது. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், ரயில் நிலையப் பலகையில் அதே பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 1914இல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய போர்க்கப்பலுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கப்பல் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. ஊரை யாரும் விசாரிக்கவில்லை.

நான் வந்தது ஒரு சட்ட வல்லுநரைத் தேடி. யோகன்னஸ் அல்தூசியஸ் என்று பெயர். 1603இல் 'பொலிட்டிகா' என்று லத்தீனில் ஒரு கனமான புத்தகம் போட்டார். அடுத்த வருஷமே எம்டன் நகரமன்றம் அவரைக் கூப்பிட்டுத் தன் சட்ட ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1638இல் சாகும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். கூட்டாட்சிச் சிந்தனையின் தகப்பன் என்று இன்றைக்குப் பலர் கைகாட்டுவது இவரைத்தான்.

இந்தப் பயணம் எதற்கு என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சி என்றதும் அதிகாரப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வரும். இது மேலே, அது கீழே, இன்னது இருவருக்கும். சரி, பட்டியலில் இல்லாத ஒன்று முளைத்தால்? இரண்டு பேரும் 'இது என்னுடையது' என்று பிடித்து இழுத்தால்? தீர்ப்புச் சொல்வது யார்? அவர் யாரோ, அவர்தானே கடைசியில் எஜமான்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, அதோடு மல்லுக்கட்டியவர்களின் ஊர்களை ரயிலில் கோத்திருக்கிறேன்.

மழையில் நனைந்துகொண்டே நகரமன்றக் கட்டடம் வரை நடந்தேன். 1570களில் கட்டியது 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் போய்விட்டது. இப்போது நிற்பது 1962இல் அதே இடத்தில் எழுப்பியது. உள்ளே அருங்காட்சியகம். மேலே ஆயுத அறையில் தலைக்கவசங்கள், மார்புக் கவசங்கள், துப்பாக்கிகள் வரிசை வரிசையாக. ஊர்க்காரர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டவை. ஒரு தலைக்கவசத்தின் நெற்றியில் நெளிவு விழுந்து, அதைத் தட்டிச் சரிசெய்த தடமும் தெரிந்தது. 1595இல் இந்த ஊர் மக்கள் தங்கள் கோமகனுக்கு எதிராக எழுந்து நகரமன்றத்தைக் கைப்பற்றினார்கள். அல்தூசியஸ் வந்து சேர்ந்தது அந்தச் சூடு ஆறாத ஊருக்கு. அவருடைய தத்துவத்தை இந்த அறையைப் பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

நாள் 2: எம்டன், இன்னும்

காலை முழுக்க நூலகத்தில். நூலகம் இருப்பது ஒரு தேவாலயத்துக்குள். 1943இல் குண்டு விழுந்து இடிந்த பெரிய தேவாலயம், பல பத்தாண்டுகள் வெறும் சுவராக நின்று, 1990களில் யோகன்னஸ் ஆ லாஸ்கோ நூலகமாக மாறியது. பழைய சிவப்புச் செங்கல், அதன்மேல் புதுக் கூரை, நடுவே புத்தக அடுக்குகள். ஒரு பக்கம் பழைய கோமகன் இரண்டாம் எனோவின் கல்லறைச் சிற்பம். கோமகன் வம்சத்தோடு மல்லுக்கு நின்ற ஊர், அவர்களின் மூதாதையைத் தன் நூலகத்துக்குள் படுக்க வைத்திருக்கிறது.

1571 அக்டோபரில் இந்த ஊரில் கால்வினியத் (சீர்திருத்தக் கிறித்தவ) திருச்சபைகளின் மாநாடு ஒன்று நடந்தது. நெதர்லாந்திலிருந்து துரத்தப்பட்டுச் சிதறிக் கிடந்தவர்கள் கூடினார்கள். அவர்கள் போட்ட முதல் விதி: எந்தச் சபையும் இன்னொரு சபையின்மேல் ஆதிக்கம் செலுத்தக் கூடாது. போதகர் போதகர்மேலும் கூடாது, மூப்பர் மூப்பர்மேலும் கூடாது. அரசியல் நோக்கத்தோடு எழுதிய விதி என்று சொல்ல முடியாது. துரத்தப்பட்டவர்களிடம் மேலாதிக்கம் செய்ய ஒரு தலைமையிடமும் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் உட்கார்ந்து யோசித்தால், கூட்டாட்சியின் பாதி அந்த ஒரு விதியில் இருக்கிறது.

அல்தூசியஸ் அதை அரசுக்குக் கொண்டுபோனார். அரசியல் என்றால் என்ன? மனிதர்கள் சேர்ந்து வாழ்வதற்கான கலை, என்று தொடங்குகிறார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சிம்பயாட்டிக்ஸ்', கூடிவாழும் கலை. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நாம் ஒரே வரியில் முடித்துக்கொண்டதை அவர் படிப்படியாகக் கட்டுகிறார். முதலில் குடும்பம். குடும்பத் தலைவர்கள் தொழில் சங்கமாகச் சேர்கிறார்கள். குடும்பங்களும் சங்கங்களும் சேர்ந்தால் நகரம், நகரங்கள் சேர்ந்தால் மாகாணம், மாகாணங்கள் சேர்ந்தால் நாடு. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: நாட்டின் உறுப்பினர்கள் தனி மனிதர்கள் கிடையாது, நகரங்களும் மாகாணங்களும்தான். ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே உள்ளவை செய்துகொண்ட உடன்படிக்கையில் நிற்கிறது.

அவர் சண்டை போட்டது ழான் போதேன் என்ற பிரெஞ்சுக்காரரோடு. 1576இல் வந்த தன் நூலில் போதேன், இறையாண்மை முழுமையானது, நிரந்தரமானது, பங்கு போட முடியாதது என்று எழுதியிருந்தார். பிரான்சில் மதச் சண்டையில் ரத்த ஆறு ஓடிய காலம். யாராவது ஒருவர் கடைசி வார்த்தை சொன்னால்தான் கொலை நிற்கும் என்று அவர் நினைத்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அல்தூசியஸ் இறையாண்மை ஒன்று என்பதை மறுக்கவில்லை. அது மன்னருடைய சொத்தில்லை என்றார். சங்கங்களாகவும் நகரங்களாகவும் கூடியிருக்கிற மக்களின் உடைமை அது. மன்னர் காரியதரிசி. தப்பு செய்தால் தடுக்க 'எபோர்' எனப்படும் காவலர்கள் உண்டு, அவர்களுக்கு மன்னரையே நீக்கும் உரிமையும் உண்டு.

என் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். எபோர்களுக்கும் மன்னருக்கும் தகராறு வந்தால்? நேற்றுப் பார்த்த ஆயுத அறைதான் பதில் போலிருக்கிறது.

மனிதர் சமத்துவவாதி என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய குடும்பத்தில் ஆண்தான் தலைவர், அவருடைய நாட்டில் கடவுளை மறுப்பவருக்கு இடமில்லை. கீழிருந்து கட்டிய வீட்டிலும் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெர்னில் மறுபடி வரும்.

நாள் 3: ரயிலில்

முதல் ரயில் தாமதம், அதனால் இரண்டாவது போய்விட்டது, அதனால் மூன்றாவதும். ஏதோ ஒரு சந்திப்பில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். படிக்க நேரம் கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போதேன் சொன்ன அளவுகோலை வைத்து ஜெர்மானியப் பேரரசை அளந்து பார்த்தவர் சட்ட அறிஞர் புஃபென்டார்ஃப், 1667இல். பேரரசர் இருக்கிறார், கேட்பார் இல்லை. இளவரசர்கள் ஆள்கிறார்கள், முழு அரசர்கள் இல்லை. முடியாட்சிக்கும் கூட்டணிக்கும் நடுவில் தொங்குகிற இதை என்னவென்று சொல்வது? 'ஒழுங்கற்ற, அரக்கன் மாதிரியான உடல்' என்று எழுதினார், அதுவும் புனைபெயரில். கூட்டாட்சியை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தவர்களுக்கு அது இப்படித்தான் தெரிந்திருக்கிறது.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1795இல் 'நிரந்தர அமைதி'யை எழுதினார். தலைப்பை எங்கே எடுத்தார் தெரியுமா? ஒரு டச்சு விடுதியின் பெயர்ப் பலகையில், கல்லறைத் தோட்டப் படத்தோடு இருந்த வாசகம். போரை நிறுத்த உலகம் முழுக்க ஒரே அரசு வேண்டாம், அது உயிரற்ற கொடுங்கோன்மையாகிவிடும். சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு போதும் என்றார். மேலே ஒரு நீதிபதியே இல்லாத கூட்டமைப்பு எத்தனை நாள் தாங்கும்? கான்ட் வரலாற்றை நம்பினார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு அடுத்த ரயில்மேலேயே நம்பிக்கை வரவில்லை.

நாள் 4: பெசான்சோன்

பிரான்சுக்குள் வந்தாயிற்று. தூ ஆறு ஊரைக் குதிரைலாடம் போல் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்தான் என்ற பழைய உழைப்பாளர் பகுதி. கூட்டாட்சியைப் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியேர் ஜோசப் புருதோன் 1809இல் பிறந்தது இங்கே. சின்ன வயதில் மாடு மேய்த்தவர், பிறகு அச்சுக் கோத்தவர். அச்சகத்தில் எழுத்தெழுத்தாகக் கோத்துப் பழகிய கை என்பதாலோ என்னவோ, சொற்களைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். 1863இல் வந்த 'கூட்டாட்சிக் கோட்பாடு' நூலிலும் சொல்லைக் கழற்றித்தான் ஆரம்பிக்கிறார். 'ஃபெடரேஷன்' வந்தது 'ஃபோயெடுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பொருள் உடன்படிக்கை. தமிழில் நாம் 'கூட்டு' என்கிறோம். கூட்டு என்றதும் கலந்துவிட்டது காதில் விழுகிறது. அவர்களுக்குக் கேட்பது கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர், போட்ட பிறகும் தனி ஆள்தான்.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். உடன்படிக்கையில் விட்டுக்கொடுப்பதைவிடக் கையில் வைத்துக்கொள்வது அதிகமாக இருக்க வேண்டும். குடும்பமானாலும் ஊரானாலும் மாகாணமானாலும் இதே கணக்கு. மேலே போகப் போக அதிகாரம் சுருங்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டு கூட்டாட்சிகளின் யுகத்தைத் திறக்கும், இல்லையென்றால் மனித இனம் ஆயிரம் வருஷ வேதனைக்குத் திரும்பும் என்றும் எழுதிவைத்தார். வேதனை வந்தது, யுகம் பாதிதான் வந்தது.

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் 'எது அதிகம்' என்று எடை போடுவது யார்? பணமும் படையும் ஒரே வரியில் மேலே போய்விடும், மிச்சம் நூறு வரி கீழே இருக்கும். வரிகளை எண்ணினால் கீழேதான் அதிகம்.

நாள் 5: மூத்தியே

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஊர் இதுதான். பார்க்க ஒன்றுமில்லை. சுவிட்சர்லாந்தில், ஜூரா மலைகளின் இடுக்கில் சுமார் 7,000 பேர் இருக்கிற ஊர், இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. சுற்றுலாப் பயணி யாரும் இறங்குவதாகத் தெரியவில்லை.

கதை 1815இல் ஆரம்பிக்கிறது. வியன்னா மாநாட்டில் பெரிய அரசுகள் ஜூராவை, பிரெஞ்சு பேசும் பகுதியை, ஜெர்மன் பேசும் பெர்ன் கன்டோனுக்கு, அதாவது சுவிஸ் மாநிலத்துக்கு, தூக்கிக் கொடுத்துவிட்டன. நூற்று ஐம்பது வருஷ முணுமுணுப்புக்கு அப்புறம், 1974இல் ஜூரா மக்களிடமே கேட்டார்கள்: தனிக் கன்டோன் வேண்டுமா? குறைந்த வித்தியாசத்தில் 'வேண்டும்'. கேட்பது அதோடு நிற்கவில்லை. 1975இல் மாவட்டம் மாவட்டமாக மறுபடி கேட்டார்கள். பெரும்பாலும் சீர்திருத்தச் சபையினரான தெற்கு மாவட்டங்கள் பெர்னோடு இருக்கிறோம் என்றன. அப்புறம் எல்லையோர ஊர்களை ஊர் ஊராகக் கேட்டார்கள். மூத்தியே அப்போது பெர்ன் பக்கம் நின்றது. கடைசியாக 1978இல் சுவிட்சர்லாந்து முழுவதையும் கேட்டார்கள். எல்லாக் கன்டோன்களும் சம்மதிக்க, 1979 ஜனவரி 1 அன்று ஜூரா பிறந்தது.

மூத்தியேயில் அது முடியவில்லை. 1998இல் ஒரு கருத்து வாக்கெடுப்பு, 41 ஓட்டில் பெர்ன். 2017இல் 137 ஓட்டில் ஜூரா, ஆனால் முறைகேடு என்று அந்த வாக்கெடுப்பே ரத்தானது. 2021 மார்ச்சில் திரும்ப நடத்தினார்கள், 54.9 சதவீதம் ஜூரா. 2024இல் இரண்டு கன்டோன் மக்களும் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் ஊர் ஜூராவில்.

ரயில் நிலையத்துக்கு வெளியே எழுபதைத் தாண்டிய ஒருவரிடம் என் ஓட்டைப் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன். எத்தனை முறை இந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள் ஐயா? விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், நடுவில் குழம்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினார், கடைசியில் கையை விரித்துவிட்டார். எந்தப் பக்கம் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு ஜன்னலில் ஜூராக் கொடி தொங்கியது. ஒரு பாதியில் ஆயரின் செங்கோல், இன்னொரு பாதியில் சிவப்பும் வெள்ளையுமாக ஏழு பட்டைகள். ஏழு மாவட்டங்களுக்கு ஏழு பட்டை. பிறந்த கன்டோனுக்குக் கிடைத்தவை மூன்று மாவட்டம். கொடியை யாரும் திருத்தவில்லை.

எம்டன் சட்ட ஆலோசகர் படி வைத்து எழுதினார், இவர்கள் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் 'நீ எங்கே சேர்கிறாய்' என்று கேட்க முடிந்திருக்கிறது. அதற்குப் பிடித்த காலம் அரை நூற்றாண்டுக்கு மேல். இடையில் தீவைப்பும் வெடிகுண்டும் இல்லாமலும் போகவில்லை.

நாள் 6: பெர்ன்

நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. நடுவில் சுவிஸ் சிலுவை, சுற்றிலும் கண்ணாடியில் 22 கன்டோன்களின் சின்னங்கள். கட்டடம் முடிந்தது 1902இல், வட்டம் அப்போதே நிரம்பிவிட்டது. ஜூராவின் சின்னத்தை வட்டத்துக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறார்கள். நேற்றைய கொடியை நினைத்துக்கொண்டேன்.

கத்தோலிக்கக் கன்டோன்கள் ஏழு 1845இல் தனி அணி கட்ட, 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை, செத்தவர்கள் சுமார் நூறு பேர். வென்றவர்கள் அடுத்த ஆண்டே புது அரசமைப்பை எழுதினார்கள். தோற்ற சிறு கன்டோன்களை நசுக்காமல் இருக்க அமெரிக்காவிடமிருந்து ஒரு சாவியைக் கடன் வாங்கினார்கள்: இரண்டு அவை. ஒன்றில் தலைக்கணக்கு. இன்னொன்றில் 15 லட்சம் பேருக்கு மேல் உள்ள சூரிக்குக்கும் இரண்டு இடம், 40,000 பேர்கூட இல்லாத ஊரிக்கும் இரண்டு இடம். வேடிக்கை என்னவென்றால், 1787இல் அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து எழுதிய 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் சுவிஸ் கூட்டணியைக் கூட்டமைப்பு என்று சொல்வதே கஷ்டம் என்று தள்ளிவிட்டிருந்தார்கள். அறுபது வருஷத்தில் தள்ளப்பட்டவர்கள் வந்து பாடத்தை வாங்கிப் போனார்கள்.

அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவரான மேடிசனின் உத்தி எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்க அரசமைப்பு முழுக்கத் தேசிய அரசும் இல்லை, முழுக்கக் கூட்டணியும் இல்லை, கலவை என்று ஒப்புக்கொண்டார். மக்கள்தான் எஜமான், மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் அவர்களின் வேலையாட்கள். இறையாண்மையை மேலேயும் வைக்காமல் கீழேயும் வைக்காமல் பக்கவாட்டில் நகர்த்திவிட்டார். போதேனுக்குத் தலை சுற்றியிருக்கும். ஆனால் எல்லைத் தகராறுக்கு நடுவர்? 1819இல் மெக்கலக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க அரசியல்வாதி கால்ஹூன் அதை ஏற்காமல், மத்தியச் சட்டம் செல்லாது என்று சொல்லும் உரிமை மாநிலத்துக்கே என்றார். கூர்மையான மூளைதான், அது காவல் காத்தது அடிமை முறையை.

சுவிஸ்காரர்கள் நாற்காலியை நீதிபதிக்குக் கொடுக்கவில்லை. நாடாளுமன்றம் போட்ட கூட்டாட்சிச் சட்டம் அரசமைப்புக்கு முரண் என்று இங்கே உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. அரசமைப்பைத் திருத்த மக்களில் பெரும்பான்மையும் வேண்டும், கன்டோன்களில் பெரும்பான்மையும் வேண்டும். 2020 நவம்பரில் பெருநிறுவனப் பொறுப்பு குறித்த திருத்தத்துக்கு 50.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கன்டோன்கள் போதவில்லை, திருத்தம் தோற்றது.

இதையே பாராட்டிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடும். இந்த நாட்டில் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட ஆரம்பித்தது 1971இல். அப்பென்செல் இன்னர்ரோடன் கன்டோனின் ஆண்கள் அதற்குப் பிறகும் தங்கள் கன்டோனில் மாட்டோம் என்று கைதூக்கிக்கொண்டிருந்தார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கதவு திறந்தது. சின்ன இடத்தில் ஒரு கூட்டம் எளிதாகக் கொடுங்கோலாக மாறும் என்று மேடிசன் பத்தாம் கட்டுரையில் எச்சரித்தது இதைத்தான். கீழே இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. நான் இந்தப் பயணத்தை ஆரம்பித்தபோது கீழ்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தேன். இப்போது அவ்வளவு இல்லை.

நாள் 7: ஷ்வீஸ்

சுவிஸ் கூட்டணியின் தொடக்கம் என்று சொல்லும் 1291 உடன்படிக்கையைப் பார்த்தேன். விரித்த புத்தகத்தைவிடச் சிறிய தோல், 17 வரி லத்தீன். மூன்று முத்திரைகளில் ஒன்று விழுந்துவிட்டது. விழுந்தது ஷ்வீஸின் முத்திரை, அதாவது இதைப் பத்திரமாக வைத்திருக்கிற ஊருடையதே.

உள்ளே சுதந்திரப் பிரகடனம் ஒன்றும் இல்லை. யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவோம், பதவியை விலைக்கு வாங்கிய நீதிபதியையும் வெளியூர் நீதிபதியையும் ஏற்கமாட்டோம், நமக்குள் தகராறு வந்தால் நம்மில் விவரமானவர்கள் தீர்த்துவைப்பார்கள். கூட்டாட்சி என்பது தத்துவத்தில் பிறப்பதில்லை, ஆபத்து முன்னால் நிற்கும்போது செய்துகொள்ளும் பேரம் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் வில்லியம் ரைக்கர் 1964இல் வாதாடினார். இந்தத் தோலைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. ஆனால் நடுவர் யார் என்ற கேள்வி பதினேழு வரிக்குள்ளேயே இருக்கிறதே. பேரத்துக்கு வந்தவர்கள் அதை மறக்கவில்லை.

நாள் 8

ரயில், ரயில், தூக்கம். எழுத ஒன்றுமில்லை.

நாள் 9: வென்டொடேனே

ஃபோர்மியாவிலிருந்து கப்பல், சுமார் இரண்டு மணி நேரம். மூன்று கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத இத்தாலியத் தீவு. ரோமானியர்கள் பாறையைக் குடைந்த துறைமுகத்தில் இன்றும் படகு கட்டுகிறார்கள். அகஸ்டஸ் தன் மகள் ஜூலியாவையே இங்கேதான் தள்ளிவைத்தார். இருபது நூற்றாண்டுக்குப் பிறகு முசோலினி தன் எதிரிகளைத் தள்ளிவைத்தார்.

அல்தியேரோ ஸ்பினெல்லி, எர்னெஸ்தோ ரோசி, எயுஜெனியோ கொலோர்னி. 1941இல், ஹிட்லரின் படை ஐரோப்பாவை மென்றுகொண்டிருந்தபோது, இவர்கள் எழுதிய அறிக்கை: போருக்குக் காரணம் எந்த ஒரு தலைவரும் இல்லை, யாருக்கும் பதில் சொல்லாத தேச அரசுதான், அதை உடைத்து ஐரோப்பியக் கூட்டாட்சி செய்ய வேண்டும். பொருளியலாளர் எய்னாவுதியிடமிருந்து ரோசிக்கு வந்த ஆங்கிலக் கூட்டாட்சி நூல்களைப் படித்த தெளிவு அதில் இருக்கிறது. அறிக்கையைக் கரைக்குக் கடத்தியதில் முக்கியமானவர் கொலோர்னியின் மனைவி உர்சுலா ஹிர்ஷ்மன். சிகரெட் தாள்களில் எழுதி, வறுத்த கோழியின் வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள்.

அல்தூசியஸுக்கு மேலே இருப்பவரைத் தடுக்கக் கூட்டாட்சி. ஸ்பினெல்லிக்கு நடுவில் இருக்கும் தேசத்தைத் தடுக்கக் கூட்டாட்சி, அதற்கு மேலே ஒரு பலமான கை வேண்டும். ஒரே சொல், எதிரெதிர்த் திசை. அந்த அறிக்கையில் ஊர்களும் சங்கங்களும் தேடினால்தான் கிடைக்கின்றன. புது ஒழுங்கைக் கட்டப்போவது ஒரு புரட்சிக் கட்சி. யாரைக் கேட்டுக் கட்டுவீர்கள் என்று எம்டன்காரர் கேட்டிருப்பார். குண்டு விழும்போது எந்தச் சங்கத்தைக் கூட்டச் சொல்கிறீர்கள் என்று ஸ்பினெல்லி திருப்பிக் கேட்டிருப்பார். மூன்று நாளாக இரண்டு பேரையும் மனதுக்குள் மோதவிட்டுப் பார்க்கிறேன். ஒருவரும் விழமாட்டேன் என்கிறார்கள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினேன். 1986இல் இறந்த ஸ்பினெல்லியை அடைத்துவைத்த தீவுக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இறங்கும் வழியில் எதிரே சாந்தோ ஸ்தெஃபானோ திட்டு. அதன்மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சிறை, குதிரைலாட வடிவத்தில். நடுவில் நிற்கும் ஒரு காவலாளிக்கு எல்லா அறைக் கதவுகளும் தெரியும். ஓர் அறைக்காரனுக்குப் பக்கத்து அறை தெரியாது. போதேன் இதைப் பார்த்ததில்லை. வெயில் சாயும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் காற்று அதிகமாக இருக்கும், கப்பல் சந்தேகம்தான் என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள்.